தெரியாத எண்தான் எங்களுக்குச் சோறு

"தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா எடுக்காதீங்க." போலீஸ் சொல்கிறது, வங்கி சொல்கிறது, கல்லூரியில் படிக்கிற என் மகளும் சொல்கிறாள். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவருக்கு நல்ல யோசனைதான். குற்றாலத்தில் ஐந்தருவிச் சாலையில் எட்டு அறை வைத்துப் பிழைக்கிற நான் என்ன செய்யட்டும்? எனக்கு வருகிற வாடிக்கையாளர் அத்தனை பேரும் தெரியாத நம்பர்தான். விருதுநகரிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்களின் எண்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள எனக்கு என்ன ஜோசியமா தெரியும்?

சீசன் என்பது எங்களுக்கு ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வந்து, சாரல் தூறி, பேரருவியில் தண்ணீர் விழுந்தால் ஊரில் அடுப்பு எரியும். லாட்ஜ்காரன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், பழம் விற்கிற ஆச்சி, ஆட்டோக்காரர், பிரானூர் பார்டரில் பரோட்டா போடுகிறவர் எல்லாருக்கும் அந்த மூன்று மாதம்தான் வருஷம். பிறகு கார்த்திகை பிறந்தால் ஐயப்பமார் கொஞ்சம் வருவார்கள். மிச்ச நாளெல்லாம் கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அந்த மூன்று மாதத்தில் விடிவதற்கு முன்பே போன் அடிக்க ஆரம்பிக்கும். "சார், அருவில தண்ணி விழுதா? குளிக்க விடுறாங்களா? ஐந்தருவில கூட்டம் எப்படி?" இதற்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுபோகும். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அதுதான் தொழில். ஆனால் ஒரு விசாரிப்புக்கும் அடுத்த விசாரிப்புக்கும் நடுவில் வருகிறதே, அதைத்தான் சொல்ல வந்தேன். "வணக்கம் சார், உங்க பேர்ல அஞ்சு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆகியிருக்கு." கேட்டேனா நான்? "சார், கிரெடிட் கார்டு, லைஃப்டைம் ஃப்ரீ." வேண்டாம்மா. "சார், செங்கல்பட்டுப் பக்கம் டிடிசிபி அப்ரூவ்டு ப்ளாட், முன்பணம் கட்டினா போதும்." குற்றாலத்துக்காரன் எதற்கப்பா செங்கல்பட்டில் வீட்டுமனை வாங்க வேண்டும்? இந்தியில் பதிவு செய்த ஒரு பெண் குரல் வேறு. அதற்குப் பதில் சொல்லவும் வழியில்லை, திட்டவும் வழியில்லை. நாம் பேசப் பேச அதுபாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும்.

எதிரே ஈரத் துண்டோடு ஒரு குடும்பம் சாவிக்காக நிற்கும். குழந்தை குளிரில் நடுங்கும். நான் ஆதார் நகலை வாங்கி லெட்ஜரில் எழுதிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அந்த நேரத்தில் உண்மையாகவே அறை கேட்டு அழைத்தவருக்கு 'நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் உள்ளார்' என்று கேட்டிருக்கும். அவர் அடுத்த லாட்ஜுக்குப் போன் போட்டிருப்பார். அந்த அறை வாடகையை எனக்கு யார் தருவார்கள்? லோன் விற்றவரா?

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 2024 மே 17-ஆம் தேதியை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மலையில் கோடை மழை கொட்டி, பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு என் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு குடும்பம் மதியமே பழைய குற்றாலத்துக்குப் போயிருந்தது. லெட்ஜரில் இருந்த அவர்கள் எண்ணுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நானும் என் மனைவியும் வாசலில் நிற்கிறோம். போன் அடிக்கிறது, தெரியாத எண். பாய்ந்து எடுத்தால் "சார், உங்க கிரெடிட் ஸ்கோர் நல்லாயிருக்கு" என்கிறது ஒரு குரல். வைத்துவிட்டு மறுபடி நிற்கிறேன். மறுபடி தெரியாத எண். கை நடுங்க எடுத்தால் இன்சூரன்ஸ். என் வாயில் அன்றைக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அதற்கப்புறம் வந்தது ஒரு டீக்கடைக்காரரின் எண். அந்தக் குடும்பத் தலைவர் அவருடைய போனை வாங்கிப் பேசினார். எல்லாரும் பத்திரமாக இருந்தார்கள். அந்த அழைப்பையும் நான் எடுக்காமல் விட்டிருக்க வேண்டுமா? எந்த எண்ணை எடுக்கலாம், எந்த எண்ணை எடுக்கக் கூடாது என்று அந்த நிமிஷம் யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

'இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. இந்தத் தொல்லை தாங்காமல் வழக்கறிஞர் ஒருவர் 2005-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய், முதல் விதிகளைக் கொண்டுவந்து 'அழைக்க வேண்டாம்' பதிவேடு ஒன்றைத் திறந்தது. அதில் பெயரைப் பதிந்தால் பலன் கிடைக்க 45 நாள் ஆகும் என்றார்கள். விளம்பரக்காரன் நம் வீட்டுக்குள் வர ஒரு நொடி, நாம் அவனை வெளியே அனுப்ப 45 நாள்! அது சரிப்படவில்லை என்று 2010 டிசம்பரில் புதிய விதிகள் போட்டு, 2011 செப்டம்பர் 27 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இரவு 9 மணியிலிருந்து காலை 9 மணி வரை விளம்பர அழைப்பு கூடாது, 140-இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் அழைக்க வேண்டும், வங்கி, வீட்டுமனை, கல்வி, மருத்துவம் என்று எந்த இனத்து விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம் என்றெல்லாம் இருந்தது. அந்தப் பட்டியலில் சுற்றுலாவும் உண்டு. குற்றாலத்து லாட்ஜ்காரனுக்குச் சுற்றுலா விளம்பரம் வேண்டுமா என்று கேட்டார்கள் பாருங்கள்!

140 என்று வந்தால் யார் எடுப்பார்கள்? யாரும் எடுப்பதில்லை என்று தெரிந்ததும் அந்தக் கூட்டம் சாதாரணப் பத்து இலக்க எண்ணுக்கு மாறிவிட்டது. இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு வேறு எண். நான் ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கும். இது போக, ஒரே இணைப்பில் நூற்றுக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் போகிற வசதியை அலுவலகத் தேவை என்று சொல்லி வாங்கி, அதில் கம்ப்யூட்டரை மாட்டிவிடுகிறார்கள். மும்பை எண் போலத் தெரியும், பெங்களூர் எண் போலத் தெரியும். எடுத்தால் அந்தப் பக்கம் மனுஷனே இருக்க மாட்டான்.

2018-இல் இன்னொரு விதித் தொகுப்பு வந்தது. எஸ்.எம்.எஸ். அனுப்புகிற நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் பதிந்துகொள்ள வேண்டும் என்று பிளாக்செயின் தொழில்நுட்பம் எல்லாம் வைத்துக் கட்டினார்கள். எஸ்.எம்.எஸ். தொல்லை கொஞ்சம் கட்டுப்பட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரல் அழைப்பு குறையவில்லை. 2024 ஆகஸ்ட்டில் டிராய்க்கே கோபம் வந்தது. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு செய்கிறவர்களின் இணைப்புகள் அத்தனையையும் வெட்டுங்கள், இரண்டு வருஷம் வரை கறுப்புப் பட்டியலில் வையுங்கள் என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு ஆணை போட்டது. ஒரு மாதம் முடிவதற்குள் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் வெட்டப்பட்டதாக டிராயே அறிவித்தது. அத்தனை எண்களையும் கொடுத்தது யார்? அதே தொலைபேசி நிறுவனங்கள்தானே? கொடுக்கும்போது கண் தெரியவில்லை, வெட்டும்போது மட்டும் தெரிந்துவிட்டதா? ஒவ்வொரு இணைப்புக்கும் மாதாமாதம் காசு வாங்கிக் கல்லாவில் போட்டவர்களிடமே காவலையும் ஒப்படைத்தது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

நானும் ஒழுங்காகத்தான் எல்லாம் செய்தேன். 1909-க்குச் செய்தி அனுப்பி எல்லா இனத்தையும் தடுத்தேன். டிராய் செயலியை மகள் போனில் இறக்கிக் கொடுத்தாள். அழைத்த எண், தேதி, என்ன பேசினார்கள் என்று விவரமாக எழுதிப் புகார் போட்டேன். சீசன் நேரத்தில், லெட்ஜர் எழுதுகிற மேசையில் உட்கார்ந்து இதையும் எழுதுகிறேன்! புகார் எண் வந்தது. பிறகு பதில் வந்தது: நான் சம்மதம் கொடுத்திருக்கிறேனாம், அதனால் புகார் முடித்துவைக்கப்பட்டதாம். எப்போது கொடுத்தேன், எங்கே கொடுத்தேன், யாரிடம் கொடுத்தேன்? அது பதிலில் இல்லை.

யோசித்துப் பார்த்தால் கொடுக்காத இடம்தான் எது? தென்காசியில் ஜவுளிக்கடையில் பில் போடுகிற பெண் பெயருக்கு முன்னால் போன் நம்பரைக் கேட்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்கில் குலுக்கல் சீட்டில் எழுதச் சொல்கிறார்கள். ஸ்கேன் எடுக்கப் போனால் டோக்கனுக்குக் கேட்கிறார்கள். ஜிஎஸ்டி பதிவு செய்துவிட்டு வீடு வந்து சேருவதற்குள் "சார், புதுசா பிசினஸ் ஆரம்பிச்சிருக்கீங்களாமே, லோன் வேணுமா?" என்று ஒரு குரல். எந்தப் படிவத்தின் எந்த மூலையில், எறும்பு எழுத்தில் 'நான் சம்மதிக்கிறேன்' என்று இருந்ததோ, கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியாது.

போன் எண்களை விற்கிற இந்தச் சந்தை எப்படி நடக்கிறது என்பதை என் மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே ஒருநாள் பார்த்தேன். சீசன் முடிந்து ஊர் ஓய்ந்திருந்த நேரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு தம்பி வந்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டார். "அண்ணாச்சி, உங்க லெட்ஜர போட்டோ எடுத்துக்கிடலாமா? சும்மா வேண்டாம், தலைக்கு இவ்வளவுன்னு தாரேன்." எதற்கு என்றால், மலையடிவாரத்தில் வீட்டுமனை போடுகிறார்களாம், குற்றாலத்துக்கு ஆசைப்பட்டு வருகிற வெளியூர்க் குடும்பங்கள்தான் அதற்குச் சரியான ஆட்களாம். போலீஸ் விதிப்படி நான் எழுதி வைக்கிற லெட்ஜர் அது. பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. என்னை நம்பிக் கொடுத்தது. "எந்திச்சுப் போரும்வே" என்றேன். கோபித்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே எழுந்து பக்கத்து லாட்ஜ் பக்கம் நடந்தார். அங்கே கிடைத்ததா இல்லையா என்று நான் கேட்டுப் போகவில்லை. ஆனால் உங்களுக்கு எப்போதாவது ஒரு குரல் "சார், குற்றாலத்துல ஒரு ப்ளாட் இருக்கு" என்று சொல்லியிருந்தால், உங்கள் எண் எந்த வழியாகப் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அழைக்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தது, ஒரு நாள் போய்விட்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தபோது அந்தப் பக்கம் கேட்ட பேச்சில் நம்ம ஊர் வாடை அடித்தது. "எந்த ஊரு தாயி நீ?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாக, "சங்கரன்கோயில் பக்கம் அண்ணாச்சி. இப்ப சென்னைல இருக்கேன். ஊரு பேச்சு பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, கால ரெக்கார்டு பண்ணுதாங்க" என்றது. ஒரு நாளைக்கு இத்தனை அழைப்பு என்று கணக்காம், அத்தனை பேரும் திட்டுகிறார்களாம். "நீங்க வேண்டாம்னு சொல்லிருங்கண்ணாச்சி, நான் வச்சிருதேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது. பீடி சுற்றுகிற வீட்டில் பிறந்து, டிகிரி படித்து, வேலை தேடிப் போன பிள்ளையாகத்தான் இருக்கும். மத்தளம்பாறைபோல ஊர்ப்புறத்திலேயே சாப்ட்வேர் அலுவலகம் வந்த இடமும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் அந்த நாற்காலி கிடைக்குமா? திட்டு வாங்குவதற்காகவே இந்தப் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்து முன்னால் நிறுத்திவிட்டு, கமிஷன் எடுக்கிறவன் பின்னால் குளிர்சாதன அறையில் இருக்கிறான். அந்தக் கடனைக் கொடுக்கிற கம்பெனியோ 'அவர்கள் ஏஜென்சி ஆட்கள், எங்களுக்குத் தெரியாது' என்று கையைக் கழுவிவிடுகிறது.

இதைவிட எனக்கு அதிகமாக வலிக்கிற ஒன்று இருக்கிறது. தவறிப்போன அழைப்புகளை எல்லாம் இரவு உட்கார்ந்து நான் திருப்பிக் கூப்பிடுகிறேன். யாரும் எடுப்பதில்லை. அவர்களுக்கு நான் தெரியாத நம்பர்! எடுத்தாலும், "வணக்கம் சார்" என்று நான் ஆரம்பித்ததுமே "வேண்டாம்" என்று வெட்டிவிடுகிறார்கள். அறை கேட்டு முதலில் அழைத்ததே அவர்கள்தான். வணக்கம் சொல்கிறவன் எல்லாம் விற்க வருகிறவன் என்று இந்த நாட்டு ஜனங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிற நர்ஸும், பார்சல் கொண்டுவருகிற பையனும், பள்ளிக்கூட வாத்தியாரும் இதே பாடுதான் படுகிறார்கள்.

வங்கிகள் தங்கள் வாடிக்கையாளரோடு கணக்கு விஷயம் பேச 1600-இல் தொடங்கும் எண்ணையும், விற்பனைக்கு 140-இல் தொடங்கும் எண்ணையும்தான் பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டது. 1600-க்கு மாற வணிக வங்கிகளுக்கு டிராய் வைத்த கெடு 2026 ஜனவரி 1. நல்ல ஏற்பாடுதான். வங்கிக்குத் தனி எண் கொடுத்துவிட்டீர்கள். எட்டு அறை லாட்ஜுக்கும் தெருமுனை எலக்ட்ரீஷியனுக்கும் என்ன எண் கொடுக்கப் போகிறீர்கள்? நாங்கள் அந்தப் பத்து இலக்கக் கூட்டத்துக்குள்ளேதான் கிடக்க வேண்டும், திருடனும் நாங்களும் ஒரே வரிசையில்.

தண்டனைப் பணம் யாருக்குப் போகிறது என்றும் பார்த்தேன். ஸ்பேம் புகார்களின் கணக்கைத் தவறாகக் காட்டுகிற தொலைபேசி நிறுவனத்துக்கு, அந்த 2018 விதிகளுக்கு 2025 பிப்ரவரியில் வந்த திருத்தப்படி, முதல் முறை 2 லட்சம், அடுத்த முறை 5 லட்சம், அதற்கு மேல் 10 லட்சம் ரூபாய். அதில் எனக்கு ஒரு பைசா கிடையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்றார்கள், விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர இன்னும் 18 மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த 250 கோடியும் அரசின் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். அதுகூடப் போகட்டும். தகவல் கசிந்து பாதிக்கப்பட்டவன் இழப்பீடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. புதிய சட்டம் அதையும் எடுத்துவிடுகிறது. வெள்ளத்து அன்றைக்கு வாசலில் நின்றவன் நான், அபராதம் வாங்கிக்கொள்கிறது டெல்லி.

அமெரிக்காவில் 1991-லேயே போட்ட ஒரு சட்டம் இருக்கிறது. விதியை மீறி வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர், வேண்டுமென்றே செய்தது என்று நிரூபித்தால் 1,500 டாலர் வரை, அழைப்பு வாங்கியவனே வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கேயும் தொல்லை ஒழிந்துவிடவில்லை, கம்ப்யூட்டர் அழைப்பு அவர்களையும் விடவில்லை. ஆனாலும் அங்கே பாதிக்கப்பட்டவன் கையில் ஒரு ரசீது இருக்கிறது. எனக்கு இருப்பது புகார் எண் மட்டும்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யாருடைய கடனை விற்கிறார்களோ, யாருடைய மனையை விற்கிறார்களோ அந்தக் கம்பெனி பதில் சொல்லட்டும், ஏஜென்சிக்காரனைக் காட்டித் தப்பிக்கக் கூடாது. சம்மதம் இருக்கிறது என்றால் எந்தத் தேதியில், எந்தத் தாளில் கொடுத்தேன் என்று காட்டட்டும், காட்ட முடியாவிட்டால் அழைப்புக்கு இவ்வளவு என்று எனக்கே கொடுக்கட்டும், என் போன் பில்லில் கழித்தாலும் சரி. நுகர்வோர் நீதிமன்றத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய என்னால் முடியாது, சீசனில் கடையைப் பூட்டவும் முடியாது.

அதுவரைக்கும் இருக்கிற விதியையாவது பயன்படுத்துவோம். 2025 திருத்தத்தில் ஒரே ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. 'அழைக்க வேண்டாம்' என்று பதியாதவரும் புகார் செய்யலாம். அழைப்பு வந்து ஏழு நாளுக்குள் 1909-க்கோ டிராய் செயலியிலோ போட்டால் போதும், முன்பு மூன்று நாள்தான் இருந்தது. ஒரு ஆள் மேல் பத்து நாளுக்குள் ஐந்து புகார் சேர்ந்துவிட்டால் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். முதல் தடவை 15 நாள் அவனால் யாரையும் அழைக்க முடியாது, மறுபடி மாட்டினால் ஒரு வருஷத்துக்கு எல்லா இணைப்பும் போய்விடும். என்னை அழைக்கிறவன்தான் உங்களையும் அழைக்கிறான். திட்டிவிட்டு வைக்காதீர்கள், எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் போடுங்கள். ஐந்தில் ஒன்றை நான் போட்டுவிட்டேன். மிச்சம் நாலு வேண்டும்.